மறைவு என்ற கட்டம்

பட்டாளம் மணிக்கூண்டுப் பக்கத்துச் சந்தில்
எங்கள் கடை.
கல்யாணம், காதுகுத்து, வட்டச் செயலாளர் பிறந்தநாள்,
எல்லாம் அடிப்போம்.
ராத்திரி பத்துக்கு மேல் ஷட்டரைத் தட்டுகிறவர்கள் மட்டும்
ஒரே வேலைக்குத்தான் வருவார்கள்.

போனை நீட்டுவார்கள்.
‘இதுலேர்ந்து மூஞ்சிய மட்டும் எடுக்க முடியுமா?’
தனியாக எடுத்த படம்
அநேகமாக யாருக்கும் இருப்பதில்லை.
வளைகாப்பில் மூன்றாவது வரிசை,
மெரினாவில் சோளத்தைக் கடித்தபடி,
அதுவும் இல்லையென்றால் ஆதார்,
அதில் எல்லோரும் பிடிபட்டவர்கள்.

நான் வெட்டுவேன்.
பின்னால் இருக்கும் கடலை, பந்தலை,
பக்கத்தில் சிரிக்கும் கொழுந்தியாளை.
வெட்டிய இடத்தில் வானம் வைப்பேன்.
வானம் எங்களிடம் ஆறு வகை.
புறா தனி.

ஒன்பது வருஷத்தில்
சாவு எனக்கு மூன்றடிக்கு இரண்டடி.
கண்ணீருக்கு மூன்று சுழி போட்டேனா
என்று மட்டும் பார்ப்பேன்.
ஒரு தடவை பழைய ஃபைலைத் திறந்து
பெயரை மாற்றி, தேதியை மறந்து,
ஒரு மனுஷரை மூன்று மாதம் முன்னாலேயே
சாகடித்துவிட்டேன்.
மறு பிரிண்ட் காசை
தஸ்தகீர் பாய் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

போன ஆடியில் காசிமேட்டிலிருந்து ஒருவர்.
தேசப்பன். லுங்கியில் டீசல் வாடை.
மனைவி கன்னியம்மா, நாற்பத்தாறு.
மகள் கல்யாணத்தில் எடுத்த படம்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
இடது தோளில் யாருடையவோ நாலு விரல்,
ஒரு நகம் கறுத்துச் செத்திருந்தது.
அழிக்கப் போனேன்.
‘அத்த வுட்ரும்மா’ என்றார்.
‘பேனர்ல அசிங்கமா தெரியும் சார்.’
‘தெரியட்டும்.’
கவுன்ட்டர் மேல் கிடந்த அவர் கையைப் பார்த்தேன்.
அதே நகம்.

மெஷின் தலைகீழாகத்தான் துப்பும்.
முதலில் ‘இப்படிக்கு’ வந்தது,
அப்புறம் புடவைக் கரை,
அப்புறம் அந்த விரல்கள்,
பிடிக்க ஒரு தோள் வருமுன்னேயே.

அவர் சுருட்டி எடுத்துக்கொண்டு போன பிறகு
சும்மா, எழுத்து எப்படி இருக்கிறதென்று பார்க்கிற சாக்கில்,
பெயர்க் கட்டத்தில் தட்டினேன்:
செ. பியூலா.
தோற்றம்: 11.2.1984.
மறைவு:
அங்கே கர்சர் நின்று நின்று மின்னியது.
அதற்கு அவசரமே இல்லை.
கரண்ட் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞானம் ஒன்றும் வரவில்லை.
மறுநாள் காலையிலும் தண்ணி லாரியடியில் சண்டை,
சீட்டுக்காரியிடம் பொய்.
ஆனால் பீரோவில் ஏழு வருஷமாய்
நல்ல நாளுக்குக் காத்திருந்த மாம்பழக் கலர்ப் புடவையை
அந்த வாரமே கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தேன்.
‘என்னம்மா விசேஷம்?’ என்றார் பாய்.
‘செவ்வாக்கிழம’ என்றேன்.
அவர் காலண்டரைப் பார்த்தார்.

அந்த ஃபைல் இன்னும் இருக்கிறது.
வழக்கம்போல் ‘ஃபைனல்’ என்று பெயர் போடக் கை வரவில்லை,
‘மாதிரி ஒன்று’ என்று வைத்திருக்கிறேன்.
படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் சதுரம்.
தேடிப் பார்த்தேன்.
என் போன் முழுக்க நான் தனியாகத்தான் நிற்கிறேன்.
கண்ணாடி முன்னால், 29சி ஜன்னலோரம், கடை வாசலில்.
கை நீட்டி நானே எடுத்தவை.
வெட்ட வேண்டியது எதுவுமே இல்லை.

திருவொற்றியூரில் அக்காள் இருக்கிறாள்.
இரண்டு கிராம் மோதிரம்,
நாலு வருஷம் பேச்சில்லை.
அடித்தேன். எடுக்கவில்லை.
மறுபடி அடித்தேன்.
‘இன்னா?’
சொல்ல ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.
‘அங்க மழயா?’
‘இல்லயே.’
‘இங்கயும் இல்ல.’
அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
அவள் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது.
யாரும் வைக்கவில்லை.